ஏலா என்று அவள் சொன்னாள்

மகன்,

இந்தக் கடிதத்தை நான் ஒட்டாமல் அனுப்புகிறேன். உன் மாமா கொண்டு வந்து தருவார். வழியில் அவர் வாசித்தாலும் சரி, பஸ்ஸில் பக்கத்தில் இருக்கிறவன் எட்டிப் பார்த்து வாசித்தாலும் சரி. மறைத்து வைத்தது போதும் என்ற இடத்துக்கு நான் வந்துவிட்டேன். வருகிற வெள்ளிக்கிழமை நீ சாய்ந்தமருதில் ஒரு பெண்ணின் வீட்டுக்கு மாப்பிள்ளையாகப் போகிறாய். நம் பக்கத்தில் மகளைப் பெற்றவள் மகளை வீட்டோடு வைத்துக்கொள்கிறாள். மகனைப் பெற்றவள்தான் மகனை அனுப்பிவைக்கிறாள். அனுப்பும்போது நாலு வார்த்தை சொல்ல வேண்டும். நேரில் சொல்லியிருப்பேன். நேரில் என்றால் நீ பேசுவாய். நீ பேசினால் எனக்குப் பதில் வராது. அப்படிப் பதில் வராமல்தான் உன் தங்கச்சியைக் கொழும்புப் பக்கம் அனுப்பினேன்.

மைமூனாவை ஆசுபத்திரியில் நோயாளி பார்க்கிற மிஸி வேலைக்குப் படிக்க அனுப்பப் போகிறோம் என்று மருதமுனையில் கதை பரவிய நாளை நீ மறந்திருக்க மாட்டாய். பள்ளிவாசல் மரைக்கார் நம் வாசலில் நின்று கத்தினார். "குமரு ஒண்டக் கவுனப் போட்டு, கண்ட ஆம்பிளையிட மேலக் கழுவ அனுப்புறயா? வாப்பா மவுத்தாப் போன புள்ளகளுக்கு இதுதானா வழி?" என்றார். நீ அப்போதுதான் கொழும்பில் கிளாக்கர் வேலை கிடைத்து, சட்டைப் பையில் பேனை குத்திக்கொண்டு வந்திருந்தாய். பயப்படவில்லை. "காக்கா, ஒங்கட பொஞ்சாதிக்குப் புள்ளப்பேத்துல கஸ்டம் வந்தா ஆசுபத்திரிக்குத்தானே கொண்டு போவீங்க? அங்க நம்மட புள்ள ஒண்டு நிண்டா ஒங்களுக்கு நல்லமா, இல்லாட்டி ஆரும் அறியாத ஆம்பிள நிண்டா நல்லமா?" என்று கேட்டாய். மனிதன் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போய்விட்டார். கதவுக்குப் பின்னால் நின்ற எனக்கு நெஞ்சு நிறைந்தது. இப்படியொரு மகனைப் பெற்றேனே என்று நினைத்தேன். அந்தப் பெருமையைத்தான் இப்போது என்னால் ஒரு இடத்திலும் வைக்க முடியவில்லை.

இந்த ஊர் எனக்கு மரியாதை தருகிறது. ஏன் என்று உனக்குத் தெரியும். பெண்கள் மவுத்தானால் மையித்தைக் குளிப்பாட்ட என்னைத்தான் கூப்பிடுவார்கள். பெரிய வீட்டுப் பெண்களும் என் கையைப் பிடித்து, "நாங்க மவுத்தானாலும் நீங்கதான் வரணும் கா" என்பார்கள். செத்த உடம்பைக் கழுவினால் நன்மை. உயிரோடு புழுத்துக் கிடக்கிற உடம்பைக் கழுவினால் கேவலம். இதே கைகளால் நான் செய்வதைத்தான் என் மகள் செய்யப் போனாள். கழுவப்படுகிறவன் மூச்சு விடுகிறான் என்பது மட்டும்தான் வித்தியாசம். அதற்காக ஊர் அவளைப் பேசிய பேச்சை நான் பொறுத்துக்கொண்டேன். ஊர் எப்போதும் அப்படித்தான், அவர்களிடம் நான் வேறொன்றை எதிர்பார்க்கவில்லை. எதிர்பார்த்தது உன்னிடம்.

போன ஹஜ்ஜுப் பெருநாளுக்கு நீ வந்தாய். அவள் வரவில்லை. கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்த உன்னிடம் நான் கேட்ட முதல் கேள்வியே அதுதான். "லீவு கிடைக்கல்ல உம்மா. அவக்கு அங்க விட்டுட்டு வர மனமும் இல்ல. ஆள் கொழுத்துட்டா. வெள்ளக் கவுனுல பாத்தா மகாராணி மாதிரி இரிக்கா" என்றாய். நானும் நம்பி, அதைப் பக்கத்து வீட்டுக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பெருநாள் இறைச்சி கொடுக்கப் போன வீடுகளிலெல்லாம் மகாராணி, மகாராணி என்று சொன்னேன். பிறகு என்ன வந்து இறங்கியது என்று உனக்கு யாரும் விவரமாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். நான் சொல்கிறேன், கேள்.

அவளைக் கூட்டிக்கொண்டு வந்தது திலகவதி என்ற மட்டக்களப்புப் பிள்ளை. மைமூனாவோடு சேர்ந்து படிக்கிறவள். ரெயிலிலும் பஸ்ஸிலுமாக அவளைத் தாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள். வாசலில் இரண்டு பேர் நின்றார்கள். இதில் யார் என் பிள்ளை என்று ஒரு கணம் தேடினேன், மகன். கண் குழிவிழுந்து, கைத்தோல் காரத்தில் வெந்து உரிந்து, வாயைத் திறந்தால் குரல் வராமல் நின்றவள்தான் என் பிள்ளை. சலாம் சொன்னாள். பாயைக் கண்டாள், படுத்தாள். புகையிரதத்து அழுக்கோடு அப்படியே நித்திரையாகிவிட்டாள்.

"என்ன மகள் நடந்த?" என்று திலகவதியிடம் கேட்டேன்.

"வாட்டில கட்டிலெல்லாம் விரிச்சிக்கொண்டு போனவ அம்மா. கடைசிக் கட்டில்ல அவவே படுத்திட்டா. அடுத்த முறை வேலைக்கு வந்த பிள்ளை நோயாளி எண்டு நினைச்சிப் போர்வையப் போத்திவிட்டுப் போயிட்டு. டாக்குத்தர் வந்து நாடி புடிக்கக்குள்ளதான் தெரியும், இது எங்கட மைமூனா எண்டு. எழுப்பினா எழும்பல்ல. பெரிய மிஸி, நடிக்கிறா எண்டு சத்தம் போட்டாங்க."

சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. அந்தப் பிள்ளையும் சொல்லும்போது சிரித்தாள், பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அவள் சொல்லச் சொல்லத்தான் அங்கே என்ன நடக்கிறது என்று எனக்கு விளங்கியது. இருட்டோடு எழும்பி வாட்டுக்குப் போக வேண்டும். மலச்சட்டி கழுவ வேண்டும், தரை தேய்க்க வேண்டும், எழும்ப முடியாதவர்களைத் துடைத்துப் புரட்டிப் போட வேண்டும். கால் வீங்கி வந்து உட்கார்ந்தால் பாடம், அதுவும் இங்கிலீசில். கண் சொருகினால் எழும்பி நில் என்பார்கள். இரவு முறை முடித்து வந்தவளுக்கும் பகலில் பாடம். வாட்டுக்கு ஆள் போதாவிட்டால் லீவை வெட்டுவார்கள். கேட்டால், தொண்டு செய்ய வந்தவள் களைப்பைப் பற்றிப் பேசலாமா என்பார்கள். "வேலைக்கு ஆள் வேணுமெண்டா நாங்க மிஸி, அம்மா. சோத்தப் பத்தி, லீவப் பத்திக் கேட்டா நாங்க படிக்கிற புள்ளைகள்" என்றாள் திலகவதி. இதற்குமேல் அதைத் தெளிவாகச் சொல்ல எனக்குத் தெரியாது. பிள்ளைகளின் முதுகில் ஒரு ஆசுபத்திரியே ஏறி நிற்கிறது. அதற்குப் படிப்பு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்த ஆசுபத்திரியின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. எழுதினால் திலகவதிக்குத்தான் தண்டனை கிடைக்கும்.

நோன்பு மாதத்திலும் அவள் ஒரு முறை வேலையையும் விடவில்லையாம். மற்றப் பிள்ளைகள் தண்ணீராவது குடித்தார்கள். இவள் அதுவும் இல்லாமல், நோன்பு திறக்கிற நேரத்தில் யாரோ ஒருவருக்கு வாந்திச் சட்டி பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

"இத எங்களுக்கிட்ட ஒருத்தரும் செல்லல்லயே மகள்" என்றேன்.

அந்தப் பிள்ளை என்னைப் பார்த்தாள். "உங்கட மகனுக்கு எல்லாம் தெரியும்தானே அம்மா? ஞாயிறுகளில வருவாரே. கூட்டிக்கொண்டு போங்க எண்டு நானே அவருக்கிட்டச் சொன்னன். தங்கச்சி, முதல் ஆளாப் போறவங்களுக்குக் கொஞ்சம் நோகும்தான் எண்டு சிரிச்சாரு."

அவளுக்கென்று ஊற்றிய தேத்தண்ணிக் கோப்பை என் கையிலேயே ஆறிப்போனது.

நீ ஒவ்வொரு முறை போனபோதும் அவள் உன்னிடம் சொல்லியிருக்கிறாள். என்ன சொன்னாள் என்று கேட்டு வைத்திருக்கிறேன். "காக்கா, எனக்கி ஏலா. உம்மாட்டச் செல்லுங்க." இவ்வளவுதான். நீண்ட பேச்சில்லை, அழுகையில்லை. நீ சொன்ன பதிலும் எனக்குத் தெரியும். "சபூர் செய் புள்ள, பொறுத்துக்க. பழகிடும். நீ பெட்டியத் தூக்கிட்டு ஊட்டுக்கு வந்தா உம்மாட உசிரு போயிடும்." என் உயிரைப் பற்றி உனக்கு யார் சொன்னது? என்னிடம் கேட்டாயா? ஒரு பக்கம் திரும்பி அவளிடம், உம்மா செத்துப்போவாள் என்றாய். மறுபக்கம் திரும்பி என்னிடம், அவள் கொழுத்துவிட்டாள் என்றாய். நடுவில் நின்றவன் நீ. எங்கள் இரண்டு பேருக்கும் உன்னைத் தவிர வேறு வழி இல்லை என்று தெரிந்துகொண்டே நின்றாய்.

நம் பேச்சில் ஏலா என்றால் முடியாது. சுகமில்லாமல் கிடக்கிறவனைப் பற்றிக் கேட்டாலும், ஏலாமக் கிடக்கான் என்றுதான் சொல்கிறோம். முடியாமற்போவதற்கும் நோய்க்கும் நம் ஆட்கள் ஒரே சொல்லை வைத்திருக்கிறார்கள். அந்தச் சொல்லில் ஒரு பிள்ளை தன்னிடம் இருந்த எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். கொழும்பில் இருந்து இருந்து உன் காதுக்கு அது சோம்பலாகக் கேட்டிருக்கிறது. சபூர் என்ற சொல்லையும் நீ என்னிடமிருந்துதான் எடுத்தாய். உனக்கு சுன்னத்துச் செய்த நாளில் நீ கத்தினாய், நான் சபூர் செய் மகன் என்றேன். ஆனால் அப்போது உன் தலை என் மடியில் இருந்தது. நீ கடித்த தழும்பு இன்னும் என் மணிக்கட்டில் இருக்கிறது. ஆசுபத்திரிக் கேற்றுக்கு வெளியே நின்று சொல்லிவிட்டு, பஸ் பிடித்துப் போய்ப் படம் பார்க்கிறவன் வாயில் வருவதற்கு அந்தச் சொல் இல்லை.

ஏன் அப்படிச் செய்தாய் என்று நான் யோசிக்காத நாள் இல்லை. அவள் மேல் உனக்குப் பாசம் இல்லை என்று சொல்ல மாட்டேன். உனக்கு மரைக்காரைத் தோற்கடிக்க வேண்டியிருந்தது. அவள் திரும்பி வந்தால், பார்த்தாயா, நான் அப்பவே சொன்னேன் என்று அவர் சொல்வார். அதை உன்னால் தாங்க முடியவில்லை. கிழக்கிலிருந்து போன முதல் முஸ்லிம் மிஸி என் தங்கச்சி என்று வேலை செய்கிற கந்தோரில் சொல்லிக்கொள்ள உனக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது. மரைக்கார் அவளைக் கதவுக்குப் பின்னால் வைத்திருக்கப் பார்த்தார். நீ கொடிக்கம்பமாக நட்டு வைத்தாய். உங்கள் இரண்டு பேரிலும் ஒருவர்கூட, உனக்குக் கால் நோகிறதா என்று அவளிடம் கேட்கவில்லை.

இங்கே வந்த பிறகு நடந்ததையும் கேள். நித்திரையில் திடுக்கிட்டு எழும்பி, "வாறன் சிஸ்டர், எல்லாக் கட்டிலும் போட்டுட்டன் சிஸ்டர்" என்பாள். பாயின் நாலு மூலையையும் இழுத்து மடிப்பாள். பக்கத்து வீட்டுப் பாத்தும்மா வேலிக்கு மேலால் கேட்டுவிட்டு, "அல்லாட காவல்! சிஸ்டர் எண்டு வேதக்காரக் கோயில் பொம்புளயத்தானே செல்ற? செத்த சிஸ்டர் ஒண்டு புள்ளையில ஏறிட்டுகா" என்று ஊரைக் கூட்டிவிட்டாள். நான் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, ஓதிப் பார்க்கிற லெப்பையும் வந்துவிட்டார். தண்ணீர் ஓதித் தெளித்து, "எந்த ஊரு நீ? எங்க வெச்சி இந்தப் புள்ளயப் புடிச்ச? செல்லு!" என்று அதட்டினார். மைமூனா கண்ணைத் திறந்தாள். முகத்துத் தண்ணீரைத் துடைத்துக்கொண்டு மெதுவாக, "லெப்பை, அது பேயில்ல. எங்கட வாட்டுப் பெரிய மிஸி. அவங்களுக்குத்தான் சிஸ்டர் எண்டு செல்ற" என்றாள். லெப்பை கிண்ணத்தைக் கீழே வைத்தார். "உசிரோட இரிக்கிற பொம்புளையா? அப்ப ஓதி இறக்க எனக்கி ஏலா மகள்" என்றார். பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். மைமூனாவும் சிரித்தாள். வந்ததிலிருந்து அவள் சிரித்தது அன்றைக்குத்தான். எல்லோருக்கும் தேத்தண்ணி கொடுத்து அனுப்பினேன். லெப்பை மட்டும் வாசலில் நின்று, "பேயெண்டாலும் விடியச் சுபஹுக்கு விட்டுட்டுப் போகும்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு போனார். இதில் உண்மையைப் பேசியது அவர் ஒருவர்தான்.

இந்தப் பேய்க்கதை உன் காதுக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் நீ உன் மாமாவிடம் அந்த வார்த்தையைச் சொல்லி அனுப்பினாய். அவர் வந்து என் முகத்தைப் பார்க்காமல், வேலியைப் பார்த்துக்கொண்டு பேசினார். "ராத்தா, மருமகன் ஒண்டு செல்லியனுப்பின. கலியாணம் முடியும் மட்டும் புள்ளயச் சாகாமத்து வயல் ஊட்டுக்கு அனுப்பட்டாம். நம்மட ஊடு அங்க சும்மாதானே கிடக்கு. பொண்ணு ஊட்டாக்கள் ஒரு மாதிரி நினைச்சிருவாங்களாம். முடிஞ்ச புறகு அவ படிப்புக்குத் திரும்பிப் போறா எண்டு செல்லிக்கலாமாம்."

மகன், நீ அவளை அனுப்பியது தவறு என்று நான் இன்றைக்கும் சொல்லவில்லை. அவள் ஏலா என்றபோது காதைப் பொத்திக்கொண்டதையும்கூட, என்றாவது ஒருநாள் விழுங்கிவிடுவேன். ஆனால் உன்னுடைய கலியாணத்துக்கு உன் கூடப்பிறந்தவளை ஒளித்து வைக்கச் சொன்னாயே, அது என் தொண்டையில் நிற்கிறது. உடைந்து வந்த பிள்ளையைக் குப்பை மாதிரி வீட்டுக்குப் பின்னால் தள்ளிவிட்டு நீ பட்டுத்தொப்பி போடப் பார்த்தாய்.

நான் சும்மா இருக்கவில்லை. அடுத்த நாளே போர்வையைப் போட்டுக்கொண்டு சாய்ந்தமருதுக்குப் போனேன். உன் மாமியாரின் முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். மகள் ஏலாமல் வந்திருக்கிறாள், பேயில்லை, பைத்தியமில்லை, பிழிந்து எடுத்துவிட்டார்கள், இதற்காக உங்களுக்கு இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள் என்றேன். அந்த மனுசி வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மச்சி, பேய்க்கத கல்முனைச் சந்தை முழுக்க வந்திட்டு. நாங்க ஒரு சொல்லுக் கேட்டமா? பேய் புடிச்சவ வந்தாலும் அவவுக்கும் ஒரு சகன் தட்டுச் சோறு வெக்கத்தானே போறம். மாப்பிளதான் ஆள் விட்டுச் செல்லியனுப்பின, தங்கச்சிக்கு லீவு இல்லயாம், வர மாட்டாவாம் எண்டு. ஏன் கா அவரு அப்பிடிச் சென்ன?"

அவர்கள் கேட்கவே இல்லை, மகன். உன்னை யாரும் நெருக்கவில்லை. நீயாகவே பயந்து, நீயாகவே அவளைக் கொடுத்துவிட்டாய். எழும்பி வரும்போது கதவுச்சீலைக்குப் பின்னால் நின்று உனக்குப் பேசியிருக்கிற பெண் கேட்டாள்: "மாமி, அவங்க சாப்பிடுறாங்களா?" என் மகள் வந்த நாளிலிருந்து ஊரில் ஒருவரும் கேட்காத கேள்வி அது. நீயும் கேட்கவில்லை.

ஆகவே நான் சொல்ல வேண்டிய வார்த்தை இதுதான். நீ போவது அந்தப் பெண்ணின் வீட்டுக்கு. கூரையும் அவளுடையது, கிணறும் அவளுடையது. அவள் ஏலா என்று ஒருநாள் சொல்வாள். பிள்ளை வயிற்றில் இருக்கும்போது சொல்வாள், அடுப்படியில் சொல்வாள். சில நாளைக்கு உன் முகத்தைப் பார்த்தே சொல்வாள். அப்போது அவளுக்குப் பாடம் நடத்தாதே. எழும்பிப் போய், அவள் கையில் இருப்பதை வாங்கு. அதைச் செய்யத் தெரியாவிட்டால் நீ மரைக்காரிடம் பேசிய பேச்செல்லாம் வெறும் நாக்கு.

உன் மாமியார் சொன்னதை மைமூனாவிடம் சொல்லி, நீ கலியாணத்துக்கு வரலாம், உனக்காக ஒரு பாய் விரித்து வைத்திருக்கிறார்கள் என்றேன். நீ ஒளிக்கச் சொன்னதையும் சொன்னேன். இனி இந்த வீட்டில் அவளுக்குத் தெரியாமல் ஒன்றும் இல்லை. "சாகாமத்துல ஆரும் இல்லயா உம்மா? அப்ப ஒருத்தரும் எழுப்ப மாட்டாங்க. நான் அங்க போறன்" என்றாள். அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. கோபப்படவும் உடம்பில் கொஞ்சம் பலம் வேண்டும். நீ அவளை மறைக்கத் தேடிய இடத்தை அவள் நித்திரை கொள்ளக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

திரும்பிப் படிக்கப் போவாளா என்று என்னிடம் கேட்காதே. அவளிடமும் கேட்காதே. திலகவதிக்குக் கடிதம் எழுத வேண்டும் என்கிறாள். அங்கே இருக்கிற பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து ஒருநாள் ஆசுபத்திரி மேட்டனுக்கு முன்னால் நின்றால் என்ன செய்வார்கள் என்று நேற்றுக் கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன். போவதென்றால் போவாள், போகாவிட்டால் இது அவளுடைய வீடு.

மாமா வண்டியில் மாட்டைப் பூட்டிவிட்டார். எங்களைச் சாகாமத்தில் இறக்கிவிட்டு அவர் உன் கலியாண வேலைக்குத் திரும்பி வருவார், கடிதம் அவரோடு வரும். எங்களை என்று எழுதியிருப்பதைப் பார்த்தாயா? நானும் போகிறேன். வெள்ளிக்கிழமை உன்னை மாப்பிள்ளையாக இறக்கி அனுப்ப உன் சாச்சி நிற்பாள். உனக்காக துஆக் கேட்பேன். அதை நிறுத்த எனக்குத் தெரியாது. ஆனால் வர மாட்டேன். காரணத்தை உன் மாமியாரிடம் சொல்லியிருக்கிறேன், கேட்கிறவர்களுக்கும் அப்படியே சொல்லச் சொல்லியிருக்கிறேன்.

இப்போதுதான் மைமூனா வந்து வாசற்படியில் நின்றாள். "நீங்க காக்காட கலியாணத்துக்குப் போங்க உம்மா. நான் தனிய இரிந்துக்குவன். எனக்கி ஒண்டுமில்ல" என்றாள். நிலையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள். அவளுடைய தலையணையோடு என் தலையணையையும் எடுத்து வண்டியில் வைத்தேன்.

உம்மா